டஃபி விடு தூது

தூது என்னும் சிற்றிலக்கிய வகைக்கு இலக்கணம் சொன்ன நம் முன்னோர், யாரை அல்லது எதைத் தூதாக அனுப்பலாம் என்று ஒரு பட்டியலும் தந்துள்ளனர். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்து. பின்னால் வந்த புலவர்கள் இந்தப் பத்தோடு நிற்கவில்லை. தமிழையே தூது விட்டார்கள். பணம், நெல், துகில், புகையிலை என்று கைக்கு எட்டியதையெல்லாம் அனுப்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பழைய பட்டியலில், வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடக்கிற நாய்க்கு இடம் இல்லை. எங்கோ வானத்தில் போகிற மேகத்தை நம்பிய தலைவி, காலைச் சுற்றி வருகிற நாயை நம்பவில்லை.

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளிவந்த ஓர் இந்திப் படம் அந்த வேலையை நாயிடம் கொடுத்தது. சூரஜ் பர்ஜாத்யா இயக்கி, ராஜ்ஸ்ரீ நிறுவனம் தயாரித்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தைத்தான் சொல்கிறேன். அதில் வரும் வெள்ளை நாயின் பெயர் டஃபி. ஒரு தவறான கல்யாணத்தை நிறுத்தி, சரியான கல்யாணத்தை நடத்தி வைப்பது அந்த நாய்தான்.

தமிழ்ச் சங்க மலரில் இந்திப் படத்துக்கு என்னங்க வேலை என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. முதலாவது, தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நம் வீட்டுக் கல்யாணங்களில் இந்தப் படத்தின் சாயல் இன்றும் தெரிகிறது. மருதாணி வைப்பது தனி விழாவானது, முதல் நாள் ராத்திரி சங்கீத் ஆனது, மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துக் காசு கேட்பது என்று நம் சடங்கில் இல்லாத பல, இதையும் இதைப் போன்ற படங்களையும் பார்த்து நம் மண்டபங்களுக்குள் வந்தன. சல்மான் கானுக்குப் பாடியது நம்ம எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்பதால் பாட்டும் அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டாவது காரணம், அந்த நாய் செய்கிற வேலையைப் பற்றி நம் அக இலக்கணத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கதையும் அதன் முடிச்சும்

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜேஷ், பிரேம் இருவரும் அண்ணன் தம்பி. பூஜா, நிஷா இருவரும் அக்கா தங்கை. ராஜேஷுக்கும் பூஜாவுக்கும் பெரியவர்கள் பார்த்துக் கல்யாணம் முடிக்கிறார்கள். அந்தக் கல்யாணக் கலகலப்பில் பிரேமுக்கும் நிஷாவுக்கும் (சல்மான் கான், மாதுரி தீட்சித்) காதல் மலர்கிறது. விஷயம் தெரிந்த பூஜா, தங்கைக்கு ஒரு கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து, தானே முன்னின்று முடித்து வைப்பதாகச் சொல்கிறாள். அடுத்தாற்போல் மாடிப்படியில் தவறி விழுந்து, கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோகிறாள்.

குழந்தைக்குத் தாய் வேண்டும். ஆகவே நிஷாவை ராஜேஷுக்கே கட்டி வைப்பது என்று இரு வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்கிறார்கள். தன்னை அந்த வீட்டுக்கு மருமகளாகக் கேட்கிறார்கள் என்றதும், மாப்பிள்ளை பிரேம்தான் என்று எண்ணி நிஷா சம்மதித்துவிடுகிறாள். மாப்பிள்ளை அக்காள் புருஷன் என்பது பிறகுதான் தெரிகிறது. குழந்தையின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறாள். பிரேமும் அண்ணனுக்காக வாயை மூடிக்கொள்கிறான். தாலி ஏறப்போகும் நேரத்தில், அக்காள் தந்த சங்கிலியையும் ஒரு கடிதத்தையும் பிரேமிடம் சேர்க்கச் சொல்லி டஃபியிடம் கொடுக்கிறாள் நிஷா. உண்மை தெரிந்த வேலைக்காரன் லல்லு கண்ணனை வேண்டிக் கண்ணீர் விடுகிறான். டஃபி ஓடுகிறது. கடிதத்தைப் பிரேமிடம் கொடுக்காமல் ராஜேஷிடம் கொடுக்கிறது. அண்ணன் படிக்கிறான், கல்யாணத்தை நிறுத்துகிறான், தம்பிக்கு மணம் முடிக்கிறான். சுபம்.

டஃபியைக் கடைசியில் திடீரென்று கொண்டுவந்து இறக்கவில்லை என்பது இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். வீட்டாரெல்லாம் சேர்ந்து கிரிக்கெட் ஆடும் காட்சியில் அந்த நாய்தான் அம்பயர். அரங்கமே சிரிக்கிறது. ஆட்டத்தில் தீர்ப்பு சொன்ன நாயே கல்யாணத்திலும் தீர்ப்பு சொல்லப் போகிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தில், பாட்டுக்கும் பரிகாசத்துக்கும் நடுவே, நாயை அந்த வீட்டு மனிதர்களில் ஒருவராக நம்மை ஏற்க வைத்துவிடுகிறார்கள். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது நியாயமே.

நாவலில் நாய் இல்லை

இந்தக் கதை புதிதன்று. இதே ராஜ்ஸ்ரீ நிறுவனம் 1982இல் 'நதியா கே பார்' என்று ஒரு படம் எடுத்தது. உத்தரப்பிரதேசக் கிராமம், மாட்டு வண்டி, ஆற்றங்கரை என்று எளிமையான படம். அதன் மூலம் கேசவ் பிரசாத் மிஸ்ரா எழுதிய 'கோஹ்பர் கீ ஷர்த்' என்ற இந்தி நாவல். நாவலில் கதாநாயகிக்கும் அவளுடைய அக்காள் புருஷனுக்கும் கல்யாணம் நடந்தே விடுகிறது. அதற்குப் பின் வருவதெல்லாம் துயரம். 1982இல் படம் எடுத்தவர்கள் நாவலின் முற்பகுதியோடு நின்று, மகிழ்ச்சியான முடிவு வைத்தார்கள். 1994இல் அந்த மகிழ்ச்சியான முடிவை நாயின் வாயில் கொடுத்தார்கள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எழுத்தாளன் கண்ட வாழ்க்கையில் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. சினிமாவுக்கு வந்தபோது காப்பாற்றியாக வேண்டியிருந்தது. கிராமத்துச் சிறு வீடு நகரத்து மாளிகையாக மாறியபோது, காப்பாற்றும் பொறுப்பு மனிதரை விட்டு நாய்க்குப் போனது. வீடு பெரிதாகப் பெரிதாக, அதில் வாய் திறக்கும் மனிதர் குறைந்துபோனார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சங்கத்தில் இரண்டு நாய்கள்

நம் அகப்பாடல்களில் நாய் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று வீட்டு நாய். அகநானூற்றில் பரணர் பாடிய 122ஆம் பாட்டில், இரவில் தலைவனைச் சந்திக்க முடியாமல் தவிக்கும் தலைவி, தனக்குத் தடையாக உள்ளவற்றை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் தாய் தூங்கமாட்டாள். தாய் தூங்கினால் காவலர் தூங்கமாட்டார்கள். அவர்கள் தூங்கினால் நாய் குரைக்கும். நாயும் அடங்கினால் நிலா பகல்போலக் காயும். இப்படியே கோட்டான், கோழி வரை போகிறது. இங்கே நாய் குடும்பத்தின் ஆள். காதலுக்குக் குறுக்கே நிற்பது அதன் தொழில்.

அந்தப் பாட்டை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் பாலகாட் ஞாபகம்தான் வந்தது. கோலார் தங்கவயலில் பாலகாட் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, ஊர் தூங்காது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மூன்று ஷிஃப்ட். ஒரு ஷிஃப்ட் ஆள் வந்து படுக்கும்போது இன்னொரு ஷிஃப்ட் ஆள் கிளம்புவார். சங்கு ஊதும், தொடர்ந்து லைன் நாய்கள் அத்தனையும் ஊளையிடும். பரணர் சொன்ன பட்டியலில் சுரங்கத்துச் சங்கு ஒன்றுதான் பாக்கி.

இரண்டாவது, வேட்டை நாய். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் தலைவியையும் தோழியையும் தலைவனின் வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன. பெண்கள் நடுங்கி ஓடப் பார்க்கிறார்கள். தலைவன் வந்து இனிய சொல் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறான். ஆக, முதல் சந்திப்புக்கு வழி செய்தவை நாய்கள். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1961இல் எடுத்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில், போங்கோ என்ற நாய் லண்டன் பூங்காவில் தன் எஜமானனையும் ஒரு பெண்ணையும் சங்கிலியால் சுற்றிக் குளத்தில் தள்ளிச் சேர்த்து வைக்கிறது. கல்யாணம் கூட்டி வைக்கும் நாய் என்றால் உலகம் முழுக்க ரசிகர்களுக்கு முதலில் நினைவு வருவது அதுதான். கபிலரின் நாய்கள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை என்று நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பெருமையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குறிஞ்சிப்பாட்டில் நாயின் வேலை சந்திப்போடு முடிந்துவிடுகிறது. அதன்பின் உள்ளதை வீட்டாரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்பவள் தோழி. பாட்டு முழுவதுமே அவள் செவிலித்தாயிடம் சொல்கிற பேச்சுதான். இதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். ஒரு பெண்ணின் மனம் படிப்படியாக வாய்விட்டுச் சொல்லப்பட்டு வீட்டுத் தலைவன் காது வரை போய்ச் சேர வேண்டும். அதை நம் முன்னோர் துணிச்சல் என்றோ சாமர்த்தியம் என்றோ அழைக்கவில்லை. அறம் என்றார்கள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று அறிவிக்கக் கபிலர் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பேச்சைத்தான் என்பது மரபு.

நல்லவர்கள் நிறைந்த வீடு

இப்போது டஃபியிடம் திரும்பி வருவோம். அந்தப் படத்தில் தோழி யார்? அக்காள் பூஜா. அவளுக்கு விஷயம் தெரியும், சொல்லவும் தயாராக இருந்தாள். சொல்வதற்கு முன் கதை அவளைக் கொன்றுவிட்டது. அறத்தொடு நிற்க வேண்டியவள் போனபின் அந்த இடம் காலியாகிறது. அடுத்து நிற்கக்கூடியவன் லல்லு. அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் வேலைக்காரன். எஜமானர் வீட்டுக் கல்யாணத்தில் குறுக்கே பேச அவனுக்கு உரிமை இல்லை. ஆகவே அவன் சாமியைக் கும்பிடுகிறான், சாமி நாயை அனுப்புகிறது. அந்த வீட்டில் நாய்க்கு உள்ள சுதந்திரம் வேலைக்காரனுக்கு இல்லை என்பதைப் படம் தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறது. வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து பங்களா நாய்களையும் பங்களா வேலைக்காரர்களையும் சேர்த்தே பார்த்துப் பழகிய தங்கவயல்காரனுக்கு இந்தக் காட்சி சட்டென்று உறைக்கும்.

இந்தப் படத்தில் வில்லன் இல்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள். உண்மைதான். முணுமுணுக்கிற ஒரு மாமியைத் தவிர எல்லாரும் தங்கமானவர்கள். எனக்குத் தோன்றுவது, வில்லன் இல்லாததால்தான் நாய் தேவைப்பட்டது. வில்லன் இருந்தால் பிரேம் சண்டை போடலாம், நிஷா எதிர்த்துப் பேசலாம். அன்பாகவே பேசுகிற அப்பா, அன்பாகவே பார்க்கிற மாமனார், பாவம் மனைவியை இழந்த அண்ணன், தாயில்லாக் குழந்தை என்று இத்தனை பேர் சுற்றி நிற்கும்போது ஒரு பெண் எப்படி "மாட்டேன்" என்பாள்? அடித்து மிரட்டும் வீட்டைவிட, எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் வீட்டில் வாய் திறப்பது கஷ்டம். அந்த நல்லவர்களில் ஒருவர்கூட, "ஏம்மா, உனக்கு இஷ்டமா, மாப்பிள்ளை யாருன்னு தெரியுமா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாய்க்கு வேலையே இருந்திருக்காது.

டஃபி கடிதத்தை யாரிடம் கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அனுப்பியவள் சொன்ன இடத்தில் கொடுக்கவில்லை. வீட்டின் மூத்த மகனிடம் கொடுத்தது. காதலனுக்குப் போயிருந்தால் அவன் ஒருவேளை மௌனமாகவே இருந்திருப்பான், கதை முடிந்திருக்காது என்பது சரி. ஆயினும் இதன் பொருள் என்ன? பரணர் பாட்டில் வாசலில் நின்ற வீட்டு நாய்தான் இது. தூதன் வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவே. காதலைக் கடைசியில் குடும்பத் தலைவன் கையிலேயே ஒப்படைக்கிறது. அண்ணன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததால் கல்யாணம் நடக்கிறது. அவன் விட்டுக்கொடுக்கவில்லை என்றால்? அந்தக் கேள்வியைப் படம் நம்மைக் கேட்க விடுவதில்லை. அதற்குள் மேளம் கொட்டிவிடுகிறது.

இதனாலேயே இதைக் குப்பைப் படம் என்று தள்ளிவிட நான் சொல்லவில்லை. பாசமுள்ள குடும்பம் ஒன்றைக் கண் குளிரக் காட்டிய படம் அது. அந்தப் பாசத்தின் நடுவே ஓர் ஓட்டை இருப்பதையும், அதை அடைக்க ஒரு நாயும் ஒரு சாமியும் தேவைப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஒப்புநோக்க இன்னொரு படம். 2022இல் கன்னடத்தில் வந்து தமிழிலும் வெளியான '777 சார்லி'. கிரண்ராஜ் இயக்கம், ரக்ஷித் ஷெட்டி நடிப்பு. காலனி வீடு ஒன்றில் யாரோடும் ஒட்டாமல் வாழும் தொழிற்சாலைத் தொழிலாளி. பெயர் தர்மா. தருமபுத்திரனோடு கடைசிவரை நடந்த நாய் தருமதேவதையே என்ற பாரதக் கதை நினைவுக்கு வரத்தான் செய்யும். சார்லி என்ற நாய் வந்தபின் அவன் அக்கம்பக்கத்தாரோடு பேசுகிறான், ஒரு பெண்ணோடு பேசுகிறான், சிரிக்கிறான். அங்கே நாய் மனிதனுக்குப் பதிலாகப் பேசவில்லை. பேசாத மனிதனைப் பேச வைக்கிறது. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். இதைத்தான் நான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகிறேன்.

நாய் வராத கல்யாணங்கள்

அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டி வைப்பது வடநாட்டு வழக்கம் மட்டுமா? எங்கள் லைன்களிலும் உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து, சொந்தபந்தம் எல்லாவற்றையும் ஊரில் விட்டுவிட்டு நின்ற குடும்பங்கள். மனைவி போய்விட்டால், ஷிஃப்டுக்குப் போகிற ஆம்பளை கைக்குழந்தையை யாரிடம் விடுவான்? வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தால் பிள்ளையைப் பார்ப்பாளோ மாட்டாளோ என்ற பயம். உடனே எல்லார் கண்ணும் தங்கச்சி மேல்தான் போகும். பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. படத்தில் வருகிறவர்களைப் போலவே நல்லவர்கள்தான்.

எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தை டி.வி.யில் பார்த்தேன். இந்தி அவருக்கு அரைகுறை. நாய் அடித்த கூத்துக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவர், கடிதக் காட்சியில் சிரிக்கவில்லை. படம் முடிந்து வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "என்னை யாரு கேட்டா? கொழந்தை அழுதுச்சு, தூக்கினேன். தூக்கின கையோட தாலி கட்டிட்டாங்க." பெரியப்பாவைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. பிள்ளைகளை வளர்த்தார், பேரன் பேத்தி எடுத்தார். கேட்கவில்லை என்ற அந்த ஒரு சொல் மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் அவர் வாயில் இருந்தது.

லைன் வீட்டில் ரகசியம் தங்காது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், அந்தக் காலத்தில் சுவரே மூங்கில் தட்டி. பக்கத்து வீட்டு இருமல்கூட நமக்குக் கேட்கும். கடிதம் சுமக்க அங்கே நாய் வேண்டியதில்லை. அவர் மனசில் என்ன இருந்தது என்று நாலு வீட்டுக்காவது தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் பேசவில்லை, அவ்வளவுதான். ஆகவே, மாளிகையில் கேட்காதது, தட்டி வீட்டில் கேட்டுவிடும் என்று நாம் நம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ளவும் வழியில்லை.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள், பிறகு அங்கேயே தங்கினார்கள், சிலர் கடல் தாண்டியும் போனார்கள். இன்று நம் வீட்டுப் பெண்கள் படித்திருக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். வரன் பார்ப்பது கம்ப்யூட்டரில், செல்போனில். "எங்க பொண்ணைக் கேக்காம நாங்க எதுவும் செய்யறதில்ல" என்று எல்லாரும் சொல்கிறோம். நல்லதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறோம்? கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, காபித் தட்டோடு நிற்பவளிடம், "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டால் அது கேள்வியா? நிஷாவையும் அப்படித்தான் கேட்டார்கள். அவளும் தலையாட்டினாள்.

கல்யாண மண்டபத்தில் பாட்டு வைக்கட்டும், செருப்பை ஒளிக்கட்டும், மாப்பிள்ளைத் தோழன்கள் ஆடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் படத்திலிருந்து இத்தனை எடுத்துக்கொண்ட நாம், அதில் இல்லாத ஒன்றைக் குறிஞ்சிப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு ஒரு தோழி வேண்டும். அக்காளோ, அத்தையோ, சித்தியோ, அண்ணியோ, யாராவது ஒருத்தர் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கேட்டதைப் பயப்படாமல் கூடத்தில் வந்து சொல்ல வேண்டும். "இல்லை" என்று அவள் சொல்லியிருந்தால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும். பெரியவர்கள் காது கொடுக்க வேண்டும். இதற்குத்தான் நம் மொழியில் அறத்தொடு நிற்றல் என்று பெயர். டஃபியை ரசிப்போம். அதன் வேலையை நாம் செய்வோம்.